கண்டதும் கேட்டதும்: கலாஷா மொழி குறித்துச் சில குறிப்புகள்

முதுகலை மாணவர்களுக்குப் பெருங்கதை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே முன்னுரையைச் சொல்வது என் வழக்கம். கொங்குவேளிரின் நூலுக்கு மூலம் குணாட்டியர் இயற்றிய பிருகத்கதை, அது பைசாச மொழியில் இருந்தது என்பது மரபு, அந்த மூலநூல் இன்று கிடைக்கவில்லை, உ.வே.சா. பதிப்பித்த தமிழ்நூலுக்கும் முதலும் இறுதியும் இல்லை. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உதயணனிடம் போய்விடுவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பைசாச மொழின்னா பேய்களோட மொழியா? அத நிஜமாவே யாராவது பேசினாங்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கேள்வி சிரிப்புக்குரியதன்று என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அக்கேள்விக்கு விடை சொல்ல முயன்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் கிரியர்சன். இந்திய மொழிகளின் அளவாய்வை நடத்திய அதே கிரியர்சன்தான். வடமேற்கு எல்லையில் இந்துகுஷ் மலைகளிலும் காஷ்மீரத்திலும் வழங்கும் மொழிகளே பழைய பைசாசத்தின் வாரிசுகள் என்று அவர் கருதினார். 1906இல் அவை குறித்து எழுதிய நூலுக்குப் பைசாச மொழிகள் என்றே பெயரிட்டார். 1919இல் வெளிவந்த அளவாய்வுத் தொகுதியின் தலைப்பிலும் 'தர்திய அல்லது பைசாச மொழிகள்' என்றே போட்டார். ஸ்டென் கோனோ இதை ஏற்கவில்லை. பைசாசத்தின் தாயகம் விந்திய மலைப்பகுதி என்றும், அதன் ஒலிப்பில் திராவிட மொழிகளின் சாயல் உண்டு என்றும் அவர் வாதிட்டார். (அந்த நார்வேக்காரர்தான் அளவாய்வின் திராவிட மொழித் தொகுதியைத் தயாரித்தவர். அளவாய்வின் களப்பணியோ சென்னை மாகாணத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது வேறு கதை.) கிரியர்சனின் பைசாசக் கருத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆக, என் மாணவியின் கேள்விக்கு நேரான விடை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தேடிப்போன இடத்தில் வேறொன்று அகப்பட்டது. பிசாசுகளின் பெயர் சூட்டப்பட்ட அந்த மொழிக்கூட்டத்துள் கலாஷா என்றொரு சிறு மொழி இருந்தது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் 'தர்திய' என்ற பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். புராணங்களில் தரதர் என்றொரு மலைமக்கள் வருகிறார்கள். கல்ஹணரின் ராஜதரங்கிணியிலும் காஷ்மீரத்துக்கு வடக்கே தொல்லை தரும் அண்டை நாட்டாராக வருகிறார்கள். இந்தப் பழம்பெயரைத் தூசி தட்டி எடுத்துப் பெரியதொரு மலைப்பிரதேசம் முழுமைக்கும் 'தர்திஸ்தான்' என்று சூட்டியவர் காட்லீப் வில்ஹெம் லைட்னர். ஹங்கேரியின் பெஸ்டு நகரில் பிறந்து லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வரான லைட்னர், 1866இல் அம்மலைகளின் விளிம்பு வரை சென்று சொற்பட்டியல்கள் தொகுத்தார். கலாஷாவும் அவற்றுள் உண்டு. ஆனால் அந்தப் பிரதேசத்தின் மக்கள் தம்மைத் தர்தர் என்று அழைத்துக்கொண்டதில்லை. பைசாசர் என்பது வைதவர் இட்ட பெயர். தர்தர் என்பது வந்துபோனவர் இட்ட பெயர்.

கிரியர்சன் இம்மொழிகளை இந்திய ஆரியத்திலும் சேராத, ஈரானியத்திலும் சேராத மூன்றாம் கிளையாக வைத்தார். அதைத் திருத்தியவர் இன்னொரு நார்வேக்காரரான கேயோர்க் மொர்கென்ஸ்டியர்ன. ஆப்கானிஸ்தானத்து நூரிஸ்தானில் வழங்கும் மொழிகள் தனிக்கிளை எனத் தகும். ஆனால் கலாஷா, கோவார், ஷினா, காஷ்மீரி முதலானவை சந்தேகமின்றி இந்திய ஆரியமே. சமவெளியின் பிராகிருதங்கள் அடைந்த பல மாற்றங்களை அடையாமல் மலைக்குள் ஒதுங்கி நின்றுவிட்டவை, அவ்வளவுதான் என்று அவர் காட்டினார். ஆகவே தர்தியம் என்பது ஒரு குடும்பப்பெயர் அன்று. ஒரே தெருவில் குடியிருப்பவர்களுக்கு ஊரார் வைத்த பொதுப்பெயர்.

அந்தத் தெரு சித்ரால். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மூலையில், ஆப்கானிஸ்தான எல்லையை ஒட்டிய நெடிய பள்ளத்தாக்கு. அங்கே பன்னிரண்டு மொழிகளுக்குக் குறையாமல் வழங்குகின்றன. பெரும்பான்மையோரின் மொழியும் பொதுமொழியும் கோவார். அதைச் சுற்றிப் பலூலா, தமேலி, கவர்பாதி, கட்டாவரி, ஈரானியக் கிளையைச் சேர்ந்த யித்கா, ஆடு மேய்ப்பவர்களின் குஜரி, தெற்கிலிருந்து ஏறிவரும் பஷ்தோ எனப் பல. ஒரு கணவாயைத் தாண்டினால் வேறு பேச்சு. தெற்குச் சித்ராலில் ரும்பூர், பும்புரெட், பிரிர் என்னும் மூன்று கிளைப்பள்ளத்தாக்குகளில் கலாஷர் வாழ்கின்றனர். கலாஷா பேசுவோர் ஐயாயிரம் பேர் அளவில் இருக்கலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. அவர்களுள் பழைய சமயத்தைக் கைவிடாதவர்கள் மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடைப்பட்டவர்கள். இந்துகுஷ் மலைகளில் இஸ்லாத்துக்கு முந்திய சமயத்தை இன்றும் வாழ்க்கையாக வைத்திருப்பவர்கள் அவர்கள் மட்டுமே.

தம் மொழியை அவர்கள் 'கலாஷாமோன்' என்கிறார்கள். கலாஷர் பேச்சு என்று பொருள். மக்கள், மொழி, சமயம் மூன்றையும் அந்தக் 'கலாஷா' என்ற ஒரே சொல்லே சுட்டுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

வடமொழி சற்றே அறிந்த தமிழருக்குக் கலாஷாவின் சொற்பட்டியலைப் புரட்டுவது விசித்திரமான அனுபவம். மூன்று 'த்ரே', எட்டு 'அஷ்ட்', பத்து 'தஷ்'. மகன் 'புத்ர்', சூரியன் 'சுரி'. வாயிலைக் குறித்த துவாரம் அங்கே 'துர்' ஆகி வீட்டையே குறிக்கிறது. உதகம் 'உக்' என்று சுருங்கித் தண்ணீராக ஓடுகிறது. ஆட்டுக்கொட்டிலுக்குப் பெயர் 'கோஷ்ட்'. வடமொழியில் கோஷ்டம் மாட்டுத்தொழுவம். அங்கே கூடிப் பேசியதிலிருந்து கோஷ்டி என்ற சொல் பிறந்தது. நம் அரசியல் கட்சிகளில் கோஷ்டிகள் இருக்கின்றன. கலாஷரிடம் ஆடுகள் இருக்கின்றன. மூலப்பொருளுக்கு அவர்களே விசுவாசமானவர்கள்.

பழைமை சொற்களோடு நிற்கவில்லை. சமவெளி மொழிகள் பலவற்றில் ஒன்றாய்க் கலந்துவிட்ட ச, ஷ, ஸ என்னும் மூன்று ஒலிகளும் கலாஷாவில் தனித்தனியே நிற்கின்றன. புதுமையும் உண்டு. சொல்லின் நடுவே இருந்த நாவளை மெய்கள் தேய்ந்து மறைந்தபோது, தம் வளைவை அருகிலிருந்த உயிரொலிக்குக் கொடுத்துவிட்டு மறைந்தன. அதனால் நாக்கை மேல்நோக்கி வளைத்தபடி ஒலிக்கும் உயிர்கள் கலாஷாவில் தோன்றின. உலக மொழிகளில் அரிதான ஒலிகள் இவை. ழகரம் பழகிய நாக்குக்கு ஓரளவு வசப்படலாம் என்று நினைக்கிறேன். நான் தனியறையில் முயன்று பார்த்ததன் முடிவை இங்கே சொல்வதற்கில்லை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இவை எதுவும் அன்று, அம்மொழியின் இறந்தகாலம். 'மழை பெய்தது' என்று நாம் சொல்கிறோம். நேரில் பார்த்தும் சொல்லலாம். செய்தித்தாளில் படித்தும் சொல்லலாம். வேண்டுமானால் 'பெய்ததாம்' என்று ஓர் 'ஆம்' சேர்த்துப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கலாம். காலையில் எழுந்து நனைந்த முற்றத்தைக் கண்டு 'மழை பெய்திருக்கிறது' என்று ஊகமாகவும் சொல்லலாம். தமிழில் இவை நம் விருப்பம். கலாஷாவில் அப்படியன்று. தான் கண்டறிந்த செயலுக்கு ஒரு வினைவடிவம். கேட்டோ ஊகித்தோ அறிந்த செயலுக்கு வேறொரு வினைவடிவம். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். எதிர்பாராததைத் திடீரெனக் கண்டு வியக்கும்போதும் இரண்டாம் வடிவமே வரும். முன்னோர் கதைகளும் தொன்மங்களும் அந்த இரண்டாம் வடிவத்திலேயே சொல்லப்படுகின்றன. 1980களில் எலினா பஷீர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கோவாரிலும் இதே வேறுபாடு உண்டு என்பதையும் அவரே காட்டினார்.

இதில் இன்னொரு நுட்பம். கண்டதைச் சொல்லும் வடிவம் முன்னொட்டாக ஓர் அகரத்தை ஏற்கிறது. வடமொழியின் 'அபவத்', 'அகச்சத்' போன்ற இறந்தகால வினைகளின் தலையில் நிற்கும் அதே அகரம். பிராகிருதங்கள் வழியே வந்த சமவெளி மொழிகள் அதைத் தொலைத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. கோவாரும் கலாஷாவும் வைத்திருக்கின்றன. பாணினியும், பேசுபவன் கண்காணாது நடந்த பழஞ்செயலுக்கென்று 'லிட்' என்னும் தனி வடிவத்தை விதித்தவர்தாம். கலாஷாவின் கேள்வி வடிவம் அந்த லிட்டின் வாரிசு அன்று; எச்சவினையோடு துணைவினை சேர்ந்து புதிதாக உருவானது. சுற்றிலும் உள்ள மொழிகளிலும் இதுபோன்ற பாகுபாடு பரவியிருக்கிறது. ஆகவே தொடர்ச்சி என்று சொல்லி மகிழ்வதற்கில்லை. ஆனாலும் கண்டதற்கும் கேட்டதற்கும் வேலி கட்ட வேண்டும் என்ற எண்ணம் ஒரே நிலப்பரப்பில் இருமுறை இலக்கணமாகியிருப்பது யோசிக்கத் தக்கது.

இப்படிப்பட்ட மொழியைப் பேசுவோரின் வரலாறோ, ஏறக்குறைய முழுவதும் கேள்வியாகவே நமக்கு வந்திருக்கிறது. கலாஷர் தம் பூர்விகம் 'த்ஸியாம்' என்னும் நாடு என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று காட்ட யாராலும் முடியவில்லை. மார்கழியில் வரும் சௌமோஸ் திருவிழாவின்போது பலுமாயின் என்னும் தெய்வம் அங்கிருந்துதான் வருகிறது. ஷலக்ஷா என்பவர் தலைமையில் வந்ததாகவும், ராஜவாய், புலாசிங் என்னும் தம் அரசர்கள் ஒருகாலத்தில் தெற்குச் சித்ரால் முழுவதையும் ஆண்டதாகவும் சொல்கிறார்கள். ஏழு தலைமுறை கடந்தால்தான் ஒரே குலத்துக்குள் மணவுறவு கூடும் என்பது அவர்களின் வழக்கம். ஆகவே வம்சாவளியை மனப்பாடமாக வைத்திருப்பது பெருமைக்கு மட்டுமன்று, பெண் கொடுத்து எடுப்பதற்கும் தேவை. எழுத்தில்லாத சமூகத்தின் பதிவேடு அது.

வெளியுலகத்துக்கு இந்தக் கதைகளில் ஆர்வமில்லை. அதற்கு வேண்டியது ஒரே கதை: கலாஷர் அலெக்சாந்தரின் படைவீரர்களின் வழித்தோன்றல்கள். பொ.ஆ.மு. 327க்கும் 326க்கும் இடையில் மாசிடோனியப் படை குனார், சுவாத் பள்ளத்தாக்குகளைக் கடந்தது உண்மை. சிக்கந்தரின் வம்சம் என்று உரிமை கொண்டாடுவது அப்பகுதி அரசகுலங்களின் பழைய வழக்கம் என்பதும் உண்மை; பதக்‌ஷான் மன்னர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். சில கலாஷரின் வெளிர்கண்ணும் வெளிர்முடியும் பார்த்த வெள்ளையர் மீதியைத் தாமே நிரப்பிக்கொண்டார்கள். 1888இல் கிப்ளிங் எழுதிய ராஜாவாக விரும்பியவனின் கதை இந்தக் கற்பனையை உலகெங்கும் கொண்டுசென்றது. 2014இல் ஒரு மரபணு ஆய்வு, கலாஷரிடம் பொ.ஆ.மு. முதலாயிரத்தில் மேற்கத்திய இரத்தக்கலப்பு நேர்ந்ததற்கான தடயத்தைக் கண்டதும் பத்திரிகைகள் அலெக்சாந்தரின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டன. அடுத்த ஆண்டு வந்த மற்றோர் ஆய்வு அதை மறுத்து, அவர்கள் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து தனித்துப்போன மக்கள் என்றது. மரபணு பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மொழி பற்றிச் சொல்லலாம். கலாஷாவின் எண்கள், வேற்றுமைகள், வினைகள் எல்லாம் இந்திய ஆரியம். கிரேக்கப் படை விட்டுச்சென்ற அடுக்கு என்று எதையும் அதில் காட்ட முடியாது.

காணப்பட்ட வரலாறு இவ்வளவு கவர்ச்சியானதன்று. சித்ராலின் அரசன் மெஹ்தர் எனப்படுவான். கலாஷர் அவனுக்கு அடங்கிய குடிகள். விளைபொருளில் பங்கு, ஆடு, தேன், அதற்குமேல் கூலியில்லாத கட்டாய உழைப்பு. நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அதேதான். எல்லைக்கு அப்பால், அன்று காஃபிரிஸ்தான் எனப்பட்ட நாட்டில், எந்த அரசனுக்கும் அடங்காத மலைக்குடிகள் வாழ்ந்தன. 1890–91இல் அவர்களிடையே காம்தேஷில் தங்கிய ஜார்ஜ் ராபர்ட்சன் பின்னர் எழுதிய பெருநூலில், கலாஷரை உண்மையான காஃபிர்கள் அல்லர், மெஹ்தரின் அடிமைகள் என்று சில வரிகளில் ஒதுக்கிவிட்டார். சுதந்திரமான மக்களைக் காண வந்த கனவானுக்கு வெட்டி செய்யும் மக்களிடம் என்ன வேலை?

1893இல் மார்ட்டிமர் டூரண்டு காபூலில் ஓர் ஒப்பந்தம் செய்தார். அதன்படி வரைந்த கோடு காஃபிரிஸ்தானை அமீர் அப்துர் ரஹ்மானின் பக்கமும், சித்ராலை ஆங்கிலேயரின் பக்கமும் விட்டது. 1895–96 குளிர்காலத்தில், பனியால் கணவாய்கள் மூடிக்கிடந்த மாதங்களில், அமீரின் படைகள் காஃபிரிஸ்தானுக்குள் புகுந்தன. மக்கள் இஸ்லாத்துக்கு மாற்றப்பட்டனர். நாட்டின் பெயர் நூரிஸ்தான், ஒளியின் நாடு, என்றாயிற்று. தப்பியவர்கள் சிலர் எல்லை தாண்டி வந்து பும்புரெட், ரும்பூர் பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதியில் மெஹ்தரின் அனுமதியோடு குடியேறினர். அடிமைகள் என்று ஒதுக்கப்பட்ட கலாஷர், தம் எசமானனின் நிலத்தில் இருந்த ஒரே காரணத்தால் கோட்டுக்கு இப்பக்கம் தங்கினார்கள். அவர்களைக் காத்தது வீரமும் அன்று, மலையும் அன்று. இலண்டனுக்கும் காபூலுக்கும் இடையிலான ஒரு கணக்குவழக்கு.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. இதை முதலில் கவனித்தபோது எனக்கும் விளங்கவில்லை. நூரிஸ்தானியர் சமயத்தை இழந்தார்கள், மொழியை இழக்கவில்லை. கட்டாவரி இன்றும் பல்லாயிரவர் பேசும் மொழி. பும்புரெட்டின் தலைப்பகுதியில் குடியேறியவர்களும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் படிப்படியாக இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் பேசுவதும் கட்டாவரியே. கலாஷரிடம் நடந்ததோ நேர்மாறு. அவர்கள் ஒருகாலத்தில் மூன்று பள்ளத்தாக்குகளில் மட்டும் இருக்கவில்லை. ஜின்ஜெரெட், ஊர்ட்சூன், சுவிர், கல்கடக் என்று தெற்குச் சித்ராலில் பல ஊர்கள் கலாஷ ஊர்கள். அவை ஒவ்வொன்றாக மதம் மாறின. மாறிய ஊர்களில் மொழியும் கோவாருக்கு இடம்விட்டது.

மதம் மாறினால் மொழி போகும் என்பது விதியானால் நூரிஸ்தானத்திலும் போயிருக்க வேண்டும். அங்கே பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே நேரத்தில் மாற்றப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரனும் மாறினான், மாமனும் மாறினான். தொழுதுவிட்டுத் திரும்பி வந்து பேசுவதற்கு அதே மொழிதான் இருந்தது. சித்ராலில் ஒரு வீடு, ஒரு குடும்பம், ஓர் ஊர் என்று சில்லறையாக மாறினார்கள். மாறியவன் போய்ச் சேர்ந்த சமூகம் ஏற்கெனவே கோவார் பேசியது. அதுவே ஆள்வோரின் மொழி, சந்தையின் மொழி, கௌரவத்தின் மொழி. இதுவே பாதிக் காரணம். மீதிப் பாதியை அந்தப் பெயர் சொல்கிறது என்பது என் துணிபு. கலாஷா என்பது மக்களுக்கும் சமயத்துக்கும் மொழிக்கும் ஒரே பெயர். ஒருவன் கலாஷன் அல்லன் என்று ஆனபிறகு எந்த முகத்தோடு கலாஷாவில் பேசுவான்? மதம் மாறியவனை அவர்கள் 'ஷேக்' என்கிறார்கள். அவன் கலாஷனாக இல்லை. நூரிஸ்தானியரின் மொழிப்பெயருக்குள் அவர்களின் தெய்வங்கள் குடியிருக்கவில்லை. தெய்வங்கள் போன பின்னும் பெயர் மிஞ்சியது. இத்தனை நூற்றாண்டுகள் கலாஷரை ஒரே கட்டாகச் சேர்த்து வைத்திருந்த அந்தச் சொல்தான், ஒருவர் வெளியேறும்போது எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது.

இதை இரும்புச் சட்டமாகச் சொல்லக் கூடாது. மூன்று பள்ளத்தாக்குகளுக்குள் மதம் மாறியும் அதே ஊரில், அண்ணன் தம்பி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாழ்பவர்கள் நிறையப் பேர். அவர்களுள் பலர் இன்றும் கலாஷா பேசுகிறார்கள். மேலே சொன்ன ஐயாயிரத்தில் அவர்களும் அடக்கம். அந்த வீடுகளின் பிள்ளைகள் நாளை எந்த மொழியில் தாலாட்டுவார்கள் என்பதைப் பொறுத்தே பாதிக் கணக்கு இருக்கிறது.

மொர்கென்ஸ்டியர்ன 1929இல் சித்ராலுக்கு வந்தபோது ஊர்ட்சூனின் கலாஷாவையும் குறித்துக்கொண்டார். வடக்குப் பள்ளத்தாக்குகளின் பேச்சிலிருந்து அது வேறுபட்ட தனி வட்டாரவழக்கு. அந்தக் குறிப்புகளை அவர் பல பதின்ம ஆண்டுகள் வைத்திருந்தார். நடுவில் உலகப்போர் வந்துபோனது, மெஹ்தரின் அரசு 1947இல் பாகிஸ்தானோடு இணைந்தது, 1969இல் இல்லாமலே போனது. 1973இல் ஆஸ்லோவில் கலாஷா மொழி பற்றிய அவருடைய நூல் உரைகளும் இலக்கணமும் சொல்லடைவுமாக வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தொன்று. கேட்டு எழுதியவர் உயிரோடிருந்தார். பேசியவர்களின் ஊரில் அதற்குள் கோவாரின் கை ஓங்கிவிட்டது.

எழுத்துக்கு வருவோம். கலாஷாவுக்கு மரபான எழுத்து கிடையாது. கோவார், பலூலா போன்ற அண்டை மொழிகள் உருதுவைப் பின்பற்றி அரபு வரிவடிவத்தை எடுத்துக்கொண்டன. கலாஷர் உரோமன் வரிவடிவத்தின்பால் சென்றார்கள். 1999இல் டிரெயில், கூப்பர் இருவரும் தொகுத்த கலாஷா அகராதி வெளிவந்தது. 2000க்குப் பின் அரிச்சுவடிகள் வந்தன. வரிவடிவத் தேர்வில் சமயத்துக்கும் பங்குண்டு என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல் இங்கேயும் தன் வேலையைச் செய்திருக்கிறது. உரோமன் எழுத்தில் படித்த கலாஷச் சிறுவன், உருதுப் பள்ளியில் படித்த ஷேக்கின் பிள்ளைக்கு ஒரே மொழியில் எழுதும் கடிதம் போய்ச் சேருமா என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பள்ளிகள் வந்த கதைதான் வேடிக்கையானது. அலெக்சாந்தரின் வம்சத்தைத் தேடிவந்த கிரேக்கத் தன்னார்வலர்கள் தம் நாட்டு நிதியோடு அங்கே பள்ளிகள் கட்டினார்கள். பும்புரெட்டில் 'கலாஷா துர்', அதாவது கலாஷ இல்லம், என்று அருங்காட்சியகமும் பள்ளியும் சேர்ந்த கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். கலாஷாவைப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தொடங்கிய இடங்களுள் அது ஒன்று. அதை நடத்திய கிரேக்க ஆசிரியர் 2009இல் ஆயுதம் தாங்கியவர்களால் கடத்தப்பட்டு, மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார். சான்றில்லாத கதை ஒன்று, உண்மையான மொழி ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதையைக் கண்டிக்கும் போதெல்லாம் அந்தக் கட்டடம் நினைவுக்கு வருகிறது.

2017இல் லவாரி சுரங்கப்பாதை திறந்த பிறகு சித்ராலுக்குச் செல்வது எளிதாகிவிட்டது. முன்பு பனிக்காலத்தில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பள்ளத்தாக்குகளுக்கு இப்போது புகைப்படக் கருவிகளோடு கூட்டம் வருகிறது. மே மாதத்து ஜோஷி திருவிழாவில் ஆடுபவர்களைவிடப் படமெடுப்பவர்கள் அதிகம் என்கிறார்கள். 2018இல் 'சுரி ஜகேக்', சூரியனைப் பார்த்தல், என்னும் கலாஷரின் கணிப்புமுறையை யுனெஸ்கோ உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மலைமுகட்டின் எந்தப் பிளவில் சூரியன் எழுகிறது, எங்கே மறைகிறது என்று குறித்த இடத்தில் நின்று பார்த்து, விதைப்பையும் விழாவையும் முடிவு செய்யும் முறை அது. முகடுகளுக்கும் இடங்களுக்கும் உள்ள பெயர்கள் எல்லாம் கலாஷாவில் இருக்கின்றன.

அந்தப் பள்ளத்தாக்குகளில் இன்று பிள்ளைகளின் மேற்படிப்பு உருதுவில். உருதுப் பாடநூல் சிக்கந்தர் வந்தான், போரிட்டான் என்று சாதாரண இறந்தகாலத்தில் சொல்லிவிட்டுப் போகும். அம்மொழியின் இலக்கணம் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. பள்ளிவிட்டு வந்த சிறுமி அதை வீட்டில் பாட்டிக்குத் தன் மொழியில் சொல்ல வேண்டுமானால், முன்னால் அகரம் நிற்கும் வினையைப் பயன்படுத்த முடியாது. பாட்டி த்ஸியாமைப் பற்றிச் சொல்லும்போது எந்த வடிவம் வருமோ அதே வடிவத்தில்தான் அவளும் சிக்கந்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.